சிஸ்டர் எந்த ஓ.பி.யில் சீட்டு போடுவார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மே 12 செவிலியர் தினம் என்றால் மருத்துவமனைதோறும் மெழுகுவர்த்தி, கேக். இப்போதெல்லாம் மனஅழுத்தம் பற்றி ஒரு மணி நேர உரையும் சேர்ந்துகொண்டது. நைட் டியூட்டி முடித்தவர்களையும் அதற்காக உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் தூங்க விட்டிருந்தாலே புண்ணியமாகப் போயிருக்கும்.

சென்னையில் அரசு, தனியார் இரண்டிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் நான். இரவு மூன்று மணிக்கு வார்டில் ஒரு குழந்தை இறந்துபோகும். டியூபுகளை எடுத்து, உடம்பைத் துடைத்து, துணியில் சுற்றித் தாயிடம் கொடுப்பது சிஸ்டரும் ஆயாவும்தான். அடுத்த நிமிடமே பக்கத்துக் கட்டிலிலிருந்து, "ட்ரிப்ஸ் முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு?" என்று அதட்டல். காலையில் அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் அந்தச் சாவு ஒரு வரி. பிறகு ஆவடிக்கோ தாம்பரத்துக்கோ மின்சார ரயில். போனதும் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். அதே வார்டில் இருக்கும் ஆண்களுக்கும் துக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனால் அவர்களுக்குப் பெரும்பாலும் காப்பி வந்துவிடும்.

உதவி தேடலாமென்றால் எங்கே போவது? பெரிய மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு அடுத்த மாடியிலேயே இருக்கிறது. அங்கே ஒரு சிஸ்டர் ஓ.பி. சீட்டு போட்டால் சாயங்காலத்துக்குள் கேன்டீன் வரை தெரிந்துவிடும். "அவங்களை ஐ.சி.யூ.வுல போடாதீங்க" என்று பேச்சு கிளம்பும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. மருத்துவரை அது கட்டுப்படுத்தும். வராண்டாப் பேச்சை என்ன செய்யும்?

ஆகவே ஆலோசகர் வெளியிலிருந்து வர வேண்டும். யார் வந்தார்கள் என்ற பட்டியல் கண்காணிப்பாளர் மேசைக்குப் போகக் கூடாது. டியூட்டி நேரத்திலேயே பார்க்க அனுமதி வேண்டும். ஆஃப் நாளில் வரச் சொன்னால் ஒருத்தியும் வரமாட்டாள். தமிழக அரசு 2022இல் மருத்துவ மாணவர்களுக்காக மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது, நல்ல ஏற்பாடு. செவிலியர்களுக்கும் ஆயாக்களுக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கும் அப்படி ஒன்று ஏன் கூடாது? ஒப்பந்தப் பெண்களை எந்த ஊழியர் கூட்டத்துக்கும் கூப்பிடுவதுகூட இல்லை.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் இரவு பகலாக இயங்குகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் எங்கே நின்று பேசுவது? பல இடங்களில் உடை மாற்றும் அறையும் சாப்பிடும் அறையும் ஸ்டோர் ரூமும் ஒன்றுதான். கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்டில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டாரே, அவர் ஓய்வெடுக்கப் போனது கருத்தரங்கு அறைக்கு. அதன் பிறகு எல்லா ஊரிலும் கேமரா பற்றிப் பேசினார்கள். கதவும் தாழ்ப்பாளும் கட்டிலும் உள்ள ஓர் அறையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

உங்கள் நிருபர் ஒருவரைச் சில இரவுகள் நகரத்து மருத்துவமனைகளுக்கு அனுப்பி, பெண் ஊழியர்களுக்கு அப்படி ஓர் அறை எங்கெங்கே இருக்கிறது என்று விசாரித்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பெரம்பூர், சென்னை.