டூ ஸ்ட்ரோக் பாடம் பழசாகிவிட்டது: தொழிற்பயிற்சிப் போதனாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மோட்டார் சைக்கிள் திருத்தும் பாடநெறியை நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்களின் பொறுப்பாளர்களுக்கும் போதனாசிரியர்களுக்கும் வணக்கம்.

செங்கலடியில் சிறிய கராஜ் ஒன்றை வைத்திருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சான்றிதழோடு என்னிடம் வேலைக்கு வந்த பையன் ஒருவன் சென்ற மாரியில் இரண்டு எஞ்சின்களை அடுத்தடுத்துக் கெடுத்தான். படுவான்கரைச் சேற்றில் ஓட வெளியூரிலிருந்து கொண்டுவரப்பட்ட, பெற்றோலைத் தெளித்துச் செலுத்தும் இன்ஜெக்ஷன் பூட்டிய எண்டியூரோ (கரடுமுரடான பாதைக்கான) வண்டியின் பெற்றோல் தொட்டிக்குள், பெற்றோலோடு ஒயிலையும் சேர்த்து எரிக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தானே என்று ஒயிலைக் கலந்து ஊற்றினான். அது புகை கக்கி, பிளக் கறுத்து, தடுமாறத் தொடங்கியது. நான் ஏசியதும், இனி எதற்குமே கலக்கத் தேவையில்லை என்று விளங்கிக்கொண்டு, காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் பூட்டி அடுத்து வந்த பழைய வண்டிக்கு வெறும் பெற்றோலை ஊற்றி அனுப்பினான். அது வந்தாறுமூலையைத் தாண்டுவதற்குள் பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. சிலிண்டரைக் கழற்றியபோது பிஸ்டனின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக நான்கு கீறல்கள், ஒவ்வொன்றும் நகக்கண் அகலத்தில், மினுமினுத்துக்கொண்டிருந்தன.

பையனை நான் குறை சொல்லவில்லை. 2008இல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, இந்த எஞ்சினின் காலம் முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணியதில் வியப்பில்லை. உங்கள் பாடமும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் சேற்றுக்கும் மணலுக்கும் காட்டுப் பாதைக்கும் செய்யப்படும் எண்டியூரோ வண்டிகளில் டூ ஸ்ட்ரோக் சாகவில்லை. வால்வும் கேம் தண்டும் இல்லாததால் எடை குறைவு; சுழற்சிக்கு ஒரு தடவை எரிவதால் இழுவை உடனே கிடைக்கும். களிமண்ணில் புதைந்த வண்டியை வரப்பில் தூக்கி வைத்தவர்களுக்கு அந்த எடைக் குறைவின் அருமை தெரியும்.

மாறியது பெற்றோல் உள்ளே வரும் வழி. பழைய முறையில் காற்று, பெற்றோல், ஒயில் மூன்றும் ஒன்றாகவே பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங் அறைக்குள் வந்து, அங்கிருந்து பக்கவழிகளூடாகச் சிலிண்டருக்குள் ஏறும். அந்த நேரத்தில் புகைவாயிலும் திறந்தே இருப்பதால் புதிய கலவையில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும். சைலென்சருக்கு முன்னால் வயிறு பெருத்திருக்கும் குழாய் அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தள்ளினாலும், குறிப்பிட்ட வேகச் சுழற்சியில்தான் அது நன்றாக நடக்கும். ஒஸ்திரியாவின் கே.டி.எம். நிறுவனம் 2018 மாதிரி 250, 300 எண்டியூரோ வண்டிகளில் பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களை அந்தப் பக்கவழிகளிலேயே வைத்தது. ஏறிவரும் காற்றில் பெற்றோல் சற்றுத் தாமதமாகச் சேர்வதால் வீண்போவது குறைந்தது. ஆனால் கிராங் அறைக்குப் பெற்றோலோடு ஒயில் போகும் வழி இல்லாமற்போனதால், தனித் தொட்டியிலிருந்து மின்பம்பி ஒன்று, எஞ்சினின் சுழற்சிக்கும் சுமைக்கும் ஏற்ப ஒயிலை அளந்து காற்றுவழியில் விட வேண்டியிருந்தது. 2024 மாதிரியிலோ இன்ஜெக்டர்கள் காற்று உள்ளே நுழையும் த்ரொட்டில் உடலுக்கே இடம் மாறிவிட்டன. அதே நிறுவனத்தின் மோட்டோகிராஸ் (மண்தடப் பந்தய) வண்டிகளில் இன்ஜெக்ஷன் வந்த பிறகும் தொட்டிக்குள் ஒயில் கலந்தே ஊற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 'இன்ஜெக்ஷன் என்றால் கலக்காதே' என்று மனப்பாடம் செய்துகொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பது விளங்கும். கைநூலைத் திறந்து பார்க்காமல் தொட்டி மூடியைத் திறக்கக் கூடாது என்பதையே முதலில் பழக்க வேண்டும்.

கார்புரேட்டர் பாடத்தை விட்டுவிடும்படி நான் கேட்கவில்லை. கடல் மட்டத்தில் இருக்கும் மட்டக்களப்பில் சரியாக ஓடும் வண்டி, ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் போனால் காற்று மெலிந்து, பெற்றோல் மிகுந்து, அடைத்து அடைத்து ஓடும். அங்கே பெற்றோல் வரும் துளை சிறிதாக உள்ள ஜெட் போட வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியில் இந்த வேலையைக் காற்றழுத்த உணரி பார்த்துக்கொள்கிறது. முன்னதைக் கையால் செய்து பார்த்த மாணவனுக்குத்தான் பின்னது ஏன் வந்தது என்று புரியும்.

புகைவாயிலின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பவர் வால்வையும் பெயரளவில் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள் போலத் தெரிகிறது. முன்பு சுழற்சி விசையாலும் ஸ்பிரிங்காலும் அசைந்த அது, கே.டி.எம்.மின் 2024 மாதிரியில் மின்னியக்கத்துக்கு மாறியிருக்கிறது. எதனால் அசைந்தாலும் மலிவு ஒயிலின் கரி படிந்தால் தகடு ஒட்டிக்கொள்ளும்; வண்டி மேல்வேகத்தில் மூச்சுப் பிடிக்கும். உடனே பிஸ்டனை மாற்றச் சொல்லுகிறோம், மண்ணெண்ணெயும் பித்தளைத் தூரிகையும் போதுமாயிருந்த இடத்தில்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, காற்றுக் கசிவுச் சோதனையைக் கற்பியுங்கள். கிராங் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீல்களில் மக்னட் பக்கத்துச் சீல் தேய்ந்தால் காற்றை உறிஞ்சி எஞ்சின் சூடேறி இறுகும். கிளட்ச் பக்கத்துச் சீல் தேய்ந்தால் கியர் ஒயிலைக் குடித்துப் புகையும். இதைக் கண்டுபிடிக்க விலைகூடிய கருவி எதுவும் வேண்டாம். சைக்கிள் ரியூப் துண்டுகளால் உள்வழியையும் புகைவாயிலையும் அடைத்து, பிளக் துளை வழியாக இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பந்தால் 300 மி.மீ. பாதரச அளவு வரை காற்றேற்றி, முள் ஆறு நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். இறங்கினால் சவர்க்கார நீரைத் தடவ வேண்டும். குமிழி வரும் இடமே ஓட்டை.

பிஸ்டன் இறுகிய அந்தச் சிலிண்டரை நெடுக்காக வெட்டி, வழிகள் எல்லாம் தெரியும்படி வைத்திருக்கிறேன். வகுப்பில் வைத்துக் காட்ட விரும்பும் எந்த நிலையத்துக்கும் அதை இலவசமாகத் தருவேன். சனிக்கிழமை என்றால் ரியூப் துண்டுகளையும் காற்றுப் பந்தையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அந்தப் பையனும் வருவான், இப்போது அச்சோதனையை என்னைவிட வேகமாகச் செய்பவன் அவன்தான்.

இப்படிக்கு,
செங்கலடியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் திருத்துநர்