மீன் சாஸ் இருக்கிறதா என்று கேட்டால்: தாய்லாந்து உணவகம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தாய்லாந்து உணவகம் நடத்துபவர்களுக்கும், அடுப்படியில் வாணலி பிடிப்பவர்களுக்கும், மேசைக்கு வந்து ஆர்டர் எடுப்பவர்களுக்கும் வணக்கம்.

குடும்பத்தோடு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெளியே போகலாம், ஆடம்பரம் வேண்டாம், பிள்ளைகள் கொஞ்சம் சத்தம் போட்டாலும் யாரும் முறைக்கக் கூடாது என்றால் எங்கள் வீட்டில் முதலில் அடிபடுவது உங்கள் கடைகள்தான். உங்கள் சாப்பாட்டு முறையே குடும்பத்துக்கு ஏற்றது. ஆளுக்கொரு தட்டு என்று பிரிக்காமல் ஒரு கறி, ஒரு வதக்கல், ஒரு சூப், புளிப்பும் உறைப்புமாக ஒரு சாலட் என்று நடுவில் வைத்து, சோற்றோடு எல்லோரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். எல்லாம் சிறு துண்டுகளாக வருவதால் கத்திக்கு வேலை இல்லை. வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி என்ற உங்கள் ஊர் வழக்கம் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகிறது. (சோற்றுக்குச் சாப்ஸ்டிக் கொண்டுவந்து வைப்பதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் நாட்டில் அது பெரும்பாலும் நூடுல்ஸுக்குத்தானே!)

ஆனால் பகிர்ந்து சாப்பிடும் மேசையில் ஒருவர் சைவம் என்றால் கதை மாறிவிடுகிறது. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டில் அம்மா சைவம். சமீபத்தில் ஒரு கடையில் மெனுவில் பச்சை இலைப் படம் போட்டிருந்த பப்பாளிக்காய் சாலட்டை அவருக்காகச் சொன்னோம். வந்த தட்டில் வேர்க்கடலைக்கு நடுவே காய்ந்த இறால் கிடந்தது. சர்வரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "இறைச்சி எதுவும் இல்லையே, ருசிக்குக் கொஞ்சம் இறால்தான்" என்றார். பொய் சொல்லும் ஆள் இல்லை அவர். கோழியும் மாடும் பன்றியும் இல்லையென்றால் சைவம் என்று உண்மையாகவே நினைத்திருந்தார். அவரை என்னால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் அந்த இலைப் படத்தைப் போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

கண்ணுக்குத் தெரியும் இறாலையாவது பார்த்து ஒதுக்கிவிடலாம். தெரியாமல் இருப்பவைதான் அதிகம். சிவப்புக் கறி, பச்சைக் கறி, பனாங், மசமன் எல்லாவற்றுக்கும் அடித்தளமான விழுதில் வழக்கமாக இறால் விழுது சேர்த்துத்தான் அரைக்கிறார்கள். காய்கறியும் டோஃபு என்ற சோயாக் கட்டியும் போட்டாலும் அது இறால் சேர்ந்த கறிதான். டொம் யம் சூப்பில் கலக்கும் வறுத்த மிளகாய் விழுதிலும் பெரும்பாலும் காய்ந்த இறால் உண்டு. டோஃபு போட்ட பாட் தாய் நூடுல்ஸில் உப்புக்கு மீன் சாஸ். கீரை வதக்கலில் சிப்பி சாஸ். இறால் அப்பளம் பொரித்த எண்ணெயிலேயே காய்கறி ரோல்.

இதெல்லாம் குற்றப்பட்டியல் இல்லை. நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் மீன் சாஸ்தான் உங்கள் சமையலின் உப்பு. அதை எடுத்துவிட்டால் ருசி மாறும் என்பது எனக்கும் தெரியும். நான் கேட்பது இருப்பதை இருக்கிறது என்று சொல்வதை மட்டும்தான்.

இதற்குச் சமையலறை ஒழுங்கைத் தெரிந்த ஒருவர் கடையில் இருந்தால் போதும். வதக்கல்கள் ஆர்டர் வந்தபின் வாணலியில் செய்யப்படுபவை. அங்கே மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றுவது நிமிட வேலை. பப்பாளிக்காய் சாலட்டும் அப்போதைக்கப்போது உரலில் இடிப்பதுதான், காய்ந்த இறாலையும் மீன் சாஸையும் விட்டுவிடலாம். உரலைக் கழுவிவிட்டு இடித்தால் இன்னும் நல்லது. கறி விழுது அப்படி இல்லை. முன்பே அரைத்தோ டப்பாவில் வாங்கியோ வைத்திருப்பது, அதிலிருந்து இறாலை யாரும் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே இறால் சேராத விழுது தனியாக இருந்தால் கறிக்கு இலைப் படம் போடுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். சைவத்தில் மூன்றே வகைதான் உண்டு என்று சொன்னால் அம்மா மூன்றில் ஒன்றைச் சந்தோஷமாகச் சாப்பிடுவார்.

"அப்படிச் செய்தால் அது தாய்லாந்துச் சாப்பாடே இல்லை" என்று ஒரு சமையல்காரர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சரி, உங்கள் நாட்டிலேயே 'ஜே' என்ற சுத்த சைவச் சாப்பாடு இருக்கிறதே! மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து போட்ட கொடி தொங்கினால் அங்கே மீன் சாஸ் கிடையாது, முட்டை கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. சீனச் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் புக்கெட் தீவில் ஒன்பது நாள் திருவிழாவே இதற்காக நடக்கிறது. சிப்பி சாஸுக்குப் பதில் காளான் சாஸ் கடையில் கிடைக்கிறது. வழி தெரியாத சமையல் இல்லை உங்களுடையது.

இதை நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்க்காதீர்கள். இறால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கோழி போட்ட பச்சைக் கறியும் ஆபத்துதான். வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் குச்சியில் சுட்ட சாத்தேக்குத் தொட்டுக்கொள்ளும் சாஸ், பாட் தாய், மசமன், பப்பாளிக்காய் சாலட் என்று எல்லாப் பக்கமும் கண்ணி. மேலே தூவிய கடலையை வழித்துப் போட்டுவிட்டுக் கொண்டுவருவது தீர்வே ஆகாது. தெரியாதபோது "தெரியவில்லை, உள்ளே கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லும்படி சர்வர்களைப் பழக்குங்கள். அந்தப் பதிலுக்காக நாங்கள் காத்திருப்போம்.

அப்புறம் காரம். "மேசைக்கு எவ்வளவு காரம்?" என்று மொத்தமாகக் கேட்காமல் வகைக்கு வகை கேளுங்கள். சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாஸ் என்று நான்கு கிண்ணம் வைக்கும் வழக்கம் உங்களுக்கு இருக்கிறது. அது மேசையில் இருந்தால் பிள்ளைகளுக்காகக் குறைத்துச் சமைத்ததில் பெரியவர்கள் கூட்டிக்கொள்வோம். பிள்ளைகள் கேட்கும் அந்த ஆரஞ்சு நிற ஐஸ் டீயில் நல்ல கடுந்தேயிலை இருக்கிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நாங்கள் ராத்திரி நேரத்தோடு தூங்குவோம்.

அடுத்த முறை வரும்போது உட்கார்ந்ததும் அம்மாதான் முதலில் கேட்பார், இந்தக் கறி விழுதில் இறால் இருக்கிறதா என்று. இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். கறியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அவருக்கு டோஃபு வதக்கல் ஒன்று, சோயா சாஸில்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்குக் குடும்பத்தோடு வரும் ஒருவர்