ஒரு ஜோடி கம்மலும் அப்பத் தட்டும்: எங்கள் சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான பாஸ்டர் ஐயாவுக்கும் மூப்பர்களுக்கும்,

ஸ்தோத்திரம். ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேச்செடுத்தால், "ஜெபித்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்" என்பதோடு முடிந்துவிடுகிறது. நகை போட்டவர்களுக்கு அப்பம் கொடுக்காமல் தாண்டிப்போகும் நம் சபை வழக்கத்தைப் பற்றி அதனால்தான் எழுதுகிறேன். சபையார் எல்லோரும் படிக்கட்டும்.

போன மாதம் முதல் ஞாயிறு, இயேசுவின் மரணத்தை நினைத்து அப்பம் பகிரும் திருவிருந்து. எனக்கு முன்வரிசையில் ஒரு தங்கை உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டில் அவள் ஒருத்திதான் விசுவாசி. நகையைக் கழற்றித்தான் ஞானஸ்நானம் எடுத்தாள். அண்ணன் கல்யாணத்தில் அம்மா அழுதாள் என்று ஒரு சின்னக் கம்மலைத் திரும்பப் போட்டிருந்தாள். அப்பத் தட்டு வந்தது. தட்டைப் பிடித்திருந்தவர் அவள் காதைப் பார்த்தார், அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார். நீட்டிய கையை அவள் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். அப்புறம் எனக்கு அப்பம் தொண்டையில் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறும் வந்தாள். கம்மல் இல்லை, துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன், கம்மல் இருந்தது. என்னைக் கண்டதும் அவசரமாகக் காதை மூடினாள். இவள் மட்டுமா? எத்தனை வீட்டுக் கம்மல்கள் ஞாயிறு காலை பீரோவுக்குள் போய், ராத்திரி வெளியே வருகின்றன என்பது உங்களுக்கும் தெரியும். பரிசுத்தம் என்று சொல்லி நாம் பழக்கிவிட்டது ஒளிப்பதைத்தான்.

நான் 30 வருடமாக நகை போடுவதில்லை. என் பாட்டி பாம்படம் என்ற கனமான காதணி போட்டவர். இரட்சிக்கப்பட்ட வருடமே அதைக் கழற்றி விற்று, பக்கத்து வீட்டுக்காரியின் கடனை அடைத்தார். கழற்று என்று யாரும் சொல்லவில்லை. வடித்த காது வெறுமனே தோளில் ஆடும். அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார். அவர் சந்தோஷத்தில் கொடுத்ததை, இன்று பேத்தி வயதுப் பிள்ளைகளிடம் நுழைவுக் கட்டணமாக வசூலிக்கிறோம்.

வெளி அலங்காரம் வேண்டாம் என்கிற 1 பேதுரு 3:3-ஐக் காட்டுவீர்கள். சரி, முழுசாக வாசிப்போம். பொன்னாபரணத்துக்கு முன்னால் மயிர் பின்னுவது இருக்கிறது, பின்னால் உயர்ந்த வஸ்திரம் இருக்கிறது. சடை போட்டு வந்த யாரையும் தட்டு தாண்டிப் போனதில்லை. பட்டுச் சேலைகளோ முன்வரிசையிலேயே உட்காருகின்றன. (என்னிடமும் இரண்டு உண்டு, மறைக்கவில்லை.)

அதே பேதுருவைப் பற்றிக் கலாத்தியர் 2-ஆம் அதிகாரமும் பேசுகிறதே. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேராகக் கேட்டார். சாப்பாட்டுப் பந்தியில் விலகியதற்கே அவ்வளவு கோபம். கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய சங்கத்திலும் கேள்வி இதுதான்: யூத முறைப்படி விருத்தசேதனம் (சுன்னத்து) இல்லாமல் இரட்சிப்பு உண்டா? நம் பிதாக்களும் நாமும் சுமக்க முடியாத நுகத்தடியைச் சீஷர் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று அங்கே எழுந்து கேட்டவர் பேதுருவேதான்.

கிருபை, கிருபை என்றால் ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வாழ்வார்களே என்று மூப்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான பயம்தான்; ரோமர் 6-ஆம் அதிகாரம் தொடங்குவதே அந்தக் கேள்வியோடுதான். ஆனால் தீத்து 2-ஆம் அதிகாரத்தில், அவபக்தியை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு வாழ நமக்குப் போதிப்பதே தேவ கிருபைதான் என்றிருக்கிறது. என் பாட்டிக்குப் போதித்ததும் அதுதானே? அந்தப் பிள்ளைக்கும் போதிக்கட்டும், கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

வருகிற முதல் ஞாயிறு நான் அவள் பக்கத்தில்தான் உட்காரப்போகிறேன். கம்மலோடு வா என்று சொல்லியிருக்கிறேன். தட்டு அவளைத் தாண்டிப் போனால், என்னையும் தாண்டிப் போகட்டும்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபையின் ஒரு சகோதரி