உன் முகம் அவளுக்குப் பழகட்டும்

பாம்பன்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் என்னைப் பேசவே விடாமல் "பாப்பாவைக் காட்டும்மா" என்று நிற்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மருமகள் படம் பிடித்து அனுப்புவாள், வேலை முடிந்து ரூமுக்குப் போய் நிதானமாகப் படி.

உன்னோடு தங்கியிருப்பவரின் பிள்ளை ஐந்து மாதத்திலேயே உட்கார்ந்துவிட்டான், நம்ம பாப்பா ஏன் இன்னும் சாய்கிறாள் என்று கேட்டாய். இத்தனை வருஷம் அங்கன்வாடியில் ஊர்ப்பிள்ளைகளை எடை போட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது! பிடிமானம் இல்லாமல் உட்கார உலக சுகாதார நிறுவனம் சொல்லும் காலமே ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதம் வரை. உன் மகள் இரண்டு கையையும் முன்னால் ஊன்றித் தவளை மாதிரி உட்காருகிறாள். கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் சரிந்து, சரிந்ததற்குச் சிரிக்கவும் செய்கிறாள். பொருளுக்குக் கை நீட்டாமல், சத்தத்துக்குத் திரும்பாமல், முகம் பார்த்துச் சிரிக்காமல் இருந்தால்தான் டாக்டரிடம் ஓட வேண்டும்.

சத்தத்துக்குத் திரும்புவதில் இவளை மிஞ்ச ஆளில்லை. 2022 கடைசியில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து ஊரே அமைதியாகக் கிடந்ததே. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த கையோடு பிறந்தவள் இவள். ரயில் வரும் சத்தம் கேட்டால் பால் குடிப்பதையும் விட்டுவிட்டுத் தலையைத் திருப்புகிறாள், மருமகள்பாடுதான் திண்டாட்டம்.

குப்புற விழுவதெல்லாம் பழைய கதை. உருண்டு உருண்டு பாயை விட்டே போய்விடுகிறாள், கட்டிலில் தனியாகப் போடுவதே இல்லை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையை ஊன்றித் தலையை ஆட்டுகிறாள் பார், பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் செங்கீரை என்று தனிப் பருவமே வைத்தது இதற்குத்தான்.

அப்பா பனை ஓலையில் கிலுக்கு ஒன்று முடைந்து கொடுத்தார். வலது கையில் வாங்கி, இடது கைக்கு மாற்றி, நேராக வாய்க்கு. விரல் நுனியால் பொறுக்க இன்னும் வரவில்லை, உள்ளங்கையால் வாரித்தான் எடுக்கிறாள். ஓலை நுனி வாயைக் கீறும் என்பதால் யாராவது பக்கத்தில் இருந்தால்தான் கிலுக்கு வெளியே வரும். எதிர் வீட்டில் சோழி கோக்கிறார்கள், ஒன்று உருண்டு வந்து இவள் கையில் சிக்கினாலும் ஆபத்து. வாசல் பக்கம் பாய் விரிக்காதே என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

எச்சிலைப் புர்ர்ரென்று ஊதிக்கொண்டே இருக்கிறாள். பிள்ளை ஊதினால் மழை வரும் என்பார்கள். ஐப்பசி பிறந்துவிட்டது, இவளும் ஓயாமல் ஊதுகிறாள், நம்ம ராமநாதபுரத்து மழை அதற்கெல்லாம் மசியுமா? "ப்பா ப்பா" என்றும் சொல்கிறாள். உன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள், நான் தடுக்கவில்லை. ஃபேனையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

ஆறு மாதம் முடிந்ததால் அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கிறோம். பாதி வெளியே வருகிறது. உப்பு, சர்க்கரை கிடையாது. ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது, சேனை வைக்க வந்த பெரியம்மாவையே நான் விடவில்லை. தாய்ப்பால் வழக்கம்போல. மருமகளுக்குப் பால்சுறா வாங்கிப் புட்டுச் செய்ய வைப்பது அப்பா பொறுப்பு.

இப்போது முக்கியமான விஷயம். பொங்கலுக்கு நீ வரும்போது அவளுக்கு எட்டு, ஒன்பது மாதம் ஆகியிருக்கும். இன்றைக்கு யார் தூக்கினாலும் போகிறாள். அந்த வயதில் புது முகம் கண்டால் பிள்ளைகள் மிரளும். நீ தூக்கினால் வீறிட்டு அழுதாலும் அழுவாள். மனதில் வைத்துக்கொள்ளாதே. வந்ததும் பாய்ந்து தூக்காமல், மருமகள் மடியில் அவள் இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிரு, கிலுக்கை ஆட்டு, அவளாகக் கை நீட்டட்டும். அதுவரை தினமும் வீடியோவில் ஒரே நேரத்துக்கு வா. அந்தத் தொப்பியைக் கழற்றிவிட்டு, கத்தாமல், முகத்தைத் துண்டால் மூடித் திறந்து "பே" காட்டு. இப்போது அவளுக்குப் பிடித்த விளையாட்டே அதுதான்.

அப்புறம், அந்தச் சக்கரம் வைத்த வாக்கரை வாங்காதே. பிள்ளை சீக்கிரம் நடக்க அது உதவாது, வாசற்படியில் உருண்டு விழத்தான் உதவும். கனடாவில் 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். பெட்டியில் இடம் மிச்சமிருந்தால் அப்பாவின் முழங்காலுக்குக் கோடாலித் தைலம் வாங்கி வா, பழைய பாட்டில் தீர்ந்துவிட்டது.

அம்மா