காரை விழுகிற வீடுகள்

2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டம் பற்றிய செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல திட்டம்தான், ஆனால் இது ஊராட்சி எல்லையோடு நின்றுவிடுகிறது, உப்புக்காற்று எல்லை பார்த்தா அடிக்கிறது? பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சி, அதே தீவில் ராமேஸ்வரம் நகராட்சி. மூன்று இடத்திலும் கம்பி துருப்பிடித்து உப்பி, கூரையின் காரை பெயர்ந்து விழுகிறது. நகராட்சிப் பகுதியில் இருக்கும் என் அக்காவின் வீட்டில் போன ஐப்பசி மழையில், பிள்ளைகள் படுத்திருந்த பாய்க்கு ஒரு சாண் தள்ளி ஒரு பாளமே விழுந்தது. பார்க்க வந்த கொத்தனார், மேலே பூசி மறைத்தால் அடுத்த மழைக்கே திரும்ப விழும், துருவைச் சுரண்டிக் கம்பிக்கு மருந்தடித்துத்தான் பூச வேண்டும் என்றார். அந்தச் செலவு மீன்பாடு இல்லாத மாதத்தில் எங்கிருந்து வரும்?

புது வீடு கட்ட மானியம் கேட்கவில்லை, இருக்கிற வீடு நின்றால் போதும். தீவின் நகராட்சியும் ஊராட்சிகளும் மண்டபம் ஊராட்சி ஒன்றியமும் ஆளுக்கொரு பங்கு போட்டு ஒரே பழுதுபார்ப்பு நிதியை வைக்கலாம். பொறியாளர் ஒருவரே எல்லா வீட்டையும் பார்த்து, ஆபத்தான கூரைகளுக்கு முதலில், அதுவும் ஐப்பசிக்கு முன்பே, பணம் கொடுக்கட்டும்.

– வாசகர், தங்கச்சிமடம்