செயின் துடைத்த கைகளுக்கு நன்றி

அன்பு உறவுகளே, வணக்கம்.

நம் சைக்கிள் பயணத்தில் திரட்டிய நிதி குழந்தைகளின் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஓட்டிய அத்தனை பேரும் நலமாக வீடு திரும்பிவிட்டார்கள். அந்த மழை நாளைப் பற்றி இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. கூடவே நனைந்த உங்களுக்குத் தெரியாததா? ஆனால் மறுநாள் விடிந்ததும் எல்லாச் சைக்கிள்களும் எப்படிச் சத்தமில்லாமல் கிளம்பின என்பது பலருக்கு இன்னும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மூட்டைகளை ஏற்றி இறக்கும் பிரிவில் பெயர் கொடுத்திருந்த ஓர் அண்ணன், எல்லோரும் படுத்த பிறகு, சைக்கிள்கள் நின்ற இடத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு செயினாகத் துடைத்து எண்ணெய் விட்டிருக்கிறார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அது அவருக்கு ஒதுக்கிய வேலையும் இல்லை. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரைப் போடவில்லை. செய்ததையாவது முழுசாகச் சொல்கிறோம், அண்ணே. தடுக்காதீர்கள்.

நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு மழை அன்றோடு தீர்ந்துபோகிற தொல்லை இல்லை. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் உருளைக்கு உள்ளே இருக்கும் எண்ணெயை மழைநீர் கழுவிவிடும். சக்கரம் வாரி இறைக்கும் நுண்மணல் அந்த இடத்தில் புகுந்துகொள்ளும். மிச்சமிருக்கும் எண்ணெயோடு மணல் சேர்ந்தால் அது உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்க்கும். அப்படியே இரவு முழுக்க விட்டால் காலையில் துரு படிந்திருக்கும், சில கண்ணிகள் மடங்காமல் விறைத்து நிற்கும். பிறகு மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது செயின் பல்லில் உட்காராமல் குதிக்கும். அந்தக் குதிப்பில் முழங்காலும் சமநிலையும் ஒன்றாகப் போகும். நிதிக்காக ஓட்ட வருகிறவர்களில் பலர் முதன்முறை இவ்வளவு தூரம் ஓட்டுகிறவர்கள். கால் வலியால் நின்றோம் என்று அவர்கள் நினைப்பார்கள், காரணம் வறண்ட செயினாக இருக்கும்.

அண்ணன் செய்த முறையைப் பாருங்கள். முதலில் உலர்ந்த துணியைச் செயினைச் சுற்றிப் பிடித்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, துணியில் கருப்பு குறையும் வரை துடைத்திருக்கிறார். மண்ணெண்ணெயில் முக்கி எடுக்கவில்லை. அவசரத்தில் பலரும் அதைத்தான் செய்வார்கள். அது உள்ளே மிஞ்சியிருக்கும் எண்ணெயையும் கரைத்துவிடும், காய நேரம் கொடுக்காமல் புது எண்ணெய் விட்டால் அதையும் நீர்க்கச் செய்துவிடும். துடைத்து முடித்ததும், கீழே ஓடும் செயினின் உள்பக்கத்தில் ஓர் உருளைக்கு ஒரு சொட்டு. கியர் சைக்கிள் செயினில் பெரும்பாலும் நூற்றுப் பத்துக் கண்ணிகளை ஒட்டி இருக்கும், ஆகவே மொத்தம் ஏறக்குறைய 5 மில்லி. எண்ணெய் உள்ளே இறங்கச் சில நிமிடம் விட்டு, வெளியே நிற்பதை எல்லாம் மறுபடி துடைத்திருக்கிறார். எண்ணெய் வேலை செய்வது உள்ளே. வெளியே பளபளக்கும் எண்ணெய் அடுத்த நாள் புழுதியை இழுத்து ஒட்டவைக்க மட்டுமே உதவும். விடுவதைவிடத் துடைப்பதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அவர் ஒன்றில்கூட விடவில்லை.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் எண்ணெய் விடும் முன் டிஸ்க் மீது பிளாஸ்டிக் பையைச் செருகி மூடியிருக்கிறார். ஒரு சொட்டு அங்கே தெறித்தால் பிரேக் பேடு அதை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு கீச்சிடும், பிடிக்காது. பெரும்பாலும் பேடையே மாற்ற வேண்டி வரும். சக்கர விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக் வண்டிகளில் அந்த விளிம்பைத் துடைக்க வேறு துணி. செயின் துடைத்த துணி ரிம்முக்குப் போகவே இல்லை. பிரேக் கட்டைகளில் பதிந்திருந்த மணலையும் அலுமினியத் துணுக்குகளையும் ஊசியால் நோண்டி எடுத்திருக்கிறார். அவற்றை விட்டுவைத்தால் ஒவ்வொரு பிரேக்கிலும் ரிம்மைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

எங்களை நெகிழ வைத்தது அந்தச் சின்னச் சீட்டுகள்தான். சில செயின்களுக்கு எண்ணெய்க்குப் பதில் மெழுகு போட்டிருப்பார்கள். அதன் மேல் எண்ணெய் விட்டால் மெழுகு இளகிக் குழம்பாகிவிடும், செயினை முழுதாகக் கழுவித்தான் மறுபடி மெழுகு போட முடியும். அந்த வண்டிகளை அடையாளம் கண்டு, ஈரத்தை மட்டும் ஒற்றி எடுத்து, ‘மெழுகுச் செயின், எண்ணெய் விடவில்லை’ என்று எழுதிக் கைப்பிடியில் செருகி வைத்திருக்கிறார். தெரியாத ஒருவரின் வண்டியைத் தொடும்போது இவ்வளவு கவனம் வேண்டும் என்று எந்தத் தன்னார்வலர் கையேட்டிலும் நாங்கள் எழுதி வைத்ததில்லை. டயர்களையும் விரலால் தடவிப் பார்த்து, ரப்பரில் சிக்கியிருந்த கண்ணாடித் துண்டுகளை எடுத்துப் போட்டிருக்கிறார். ஈர ரப்பரைக் கண்ணாடி எளிதாக வெட்டும். பல நேரம் குத்தியவுடன் காற்று இறங்காது. உருள உருள உள்ளே போய், சில மணி நேரம் கழித்துத்தான் டியூபைத் தொடும்.

மற்ற உதவிகளும் சிறியவை அல்ல. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைப் பாதிப் பாட்டிலில் கரைக்காமல், பொட்டலத்தில் போட்டிருந்தபடி சரியாக 1 லிட்டரில் கலந்து தந்த தண்ணீர்ப் பந்தல் பிள்ளைகளுக்கு நன்றி. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து உப்பும் சேர்த்துக் கொடுத்த செவிலியர் அக்காமார்களுக்கு நன்றி. நனைந்த ஷூக்களில் செய்தித்தாளைத் திணித்து, அது ஊறியதும் எடுத்துப் புதிதாக வைத்தவர்களுக்கு, கடைசியாக வந்த சைக்கிள்காரரை முந்தாமல் பின்னாலேயே வந்த வண்டியின் ஓட்டுநருக்கு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுத்து, பயணம் முடிந்ததும் நினைவூட்டாமலே அனுப்பி வைத்த கொடையாளர்களுக்கு, செலவு வேறு, நிதி வேறு என்று இரண்டு கணக்காகப் பிரித்து எழுதிய தம்பிக்கு, எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

அண்ணன் ஒருவரே விழித்திருந்து செய்த வேலையை இனி ஒருவர் தலையில் விடமாட்டோம். அடுத்த பயணத்தில் இரவு தங்கும் ஒவ்வோர் இடத்திலும் செயின் மேசை ஒன்று இருக்கும். நாற்பது சைக்கிளுக்குக் கால் லிட்டர் எண்ணெய், அதுவும் மழைக்காலம் என்றால் கெட்டியான ரகம். செயினுக்கும் ரிம்முக்கும் வேறு வேறு நிறத் துணி. டிஸ்க் மூடப் பைகள், ஊசி, செயின் தேய்மானம் பார்க்கும் அளவி. பின்சக்கரத்தில் பதினொன்று, பன்னிரண்டு கியர் உள்ள சைக்கிளின் செயின் தேய்ந்து 0.5 சதவீதம் நீண்டிருந்தால் அதைப் பயணத்துக்கு முன்பே மாற்றிவிட்டு வரச் சொல்வோம். பத்துக் கியர் வரை 0.75 சதவீதம். அளவி இல்லாதவர்கள் சாதாரண அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்: புதுச் செயினில் பன்னிரண்டு முழு இணைப்புகள், அதாவது இருபத்துநான்கு கண்ணிகள், சரியாக 12 அங்குலம் இருக்கும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் 0.5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பதிவுப் படிவத்தில் ‘எண்ணெயா, மெழுகா’ என்ற கேள்வியும் சேரும்.

அண்ணே, அந்த மேசைக்குப் பொறுப்பாக நீங்கள் வர வேண்டும். கூட இருந்து கற்றுக்கொள்ள ஆறு பேர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள். எந்த எண்ணெய் உங்கள் கைக்குப் பழக்கம் என்று சொல்லுங்கள், அதையே வாங்கி வைக்கிறோம்.

நன்றியுடன்,
பயண ஒருங்கிணைப்புக் குழுவினர்