வேம்பா, புங்கையா? மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளே,

நிழலுக்கு மரம் வைக்க வேண்டும், வேம்பு வைக்கலாமா புங்கை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வாசலுக்கு மேற்கே கொஞ்சம் மேடான இடம், கொல்லைப்பக்கம் மழைத்தண்ணீர் நிற்கிற பள்ளமான மூலை, இரண்டும் காலியாக இருப்பதாகச் சொன்னாய். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதி அனுப்புகிறேன். குழி வெட்டுகிற நாளில் எடுத்துப் படித்துக்கொள்.

எந்த மரம் பிடிக்கும் என்று முதலில் யோசிக்காதே. உன் மண்ணில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார். இந்த இரண்டு மரத்துக்கும் இடையே பெரிய வித்தியாசமே அதுதான்.

இரண்டு இடத்திலும் 1 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குச் சின்னக் குழி எடு. விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி முழுதும் வடியவிடு. மறுபடி நிரப்பு. குழியின் வாயில் ஒரு கம்பைக் குறுக்கே போட்டு, அதிலிருந்து தண்ணீர் மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று மணிக்கு ஒரு தடவை அளந்து பார். மணிக்கு 1 அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் அங்கே வேம்பு வரும். காலையில் ஊற்றியது சாயங்காலமும் கிடந்தால் அந்த இடத்தில் வேம்பு வேண்டவே வேண்டாம். முதல் தடவை ஊற்றியதை வைத்து முடிவு கட்டாதே. காய்ந்த மண் எதுவானாலும் முதல் தண்ணீரை வேகமாகத்தான் குடிக்கும்.

வேப்பமரத்தின் வேருக்குக் காற்று வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். அழுகின வேர் தண்ணீரை இழுக்காது, அதனால் மேலே இலை மஞ்சளித்து, வாடி, உதிரும். பார்க்கிறவர்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ரெண்டு குடம் ஊற்றுவார்கள். வீட்டில் வைத்த வேப்பங்கன்று செத்துப்போவது பெரும்பாலும் இப்படித்தான். வறட்சிக்கு அது அஞ்சாது. வருஷத்துக்கு 400 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடத்திலும் நிற்கும். மணற்பாங்கான மண், சரளை, கல்லாங்குத்து நிலம் எதையும் துளைத்துக்கொண்டு ஆணிவேர் இறங்கிவிடும்.

புங்கை இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து வந்த மரம். ஆற்றங்கரையிலும் கடலோரத்திலும் தானாகவே வளரும். வளர்ந்த மரம் வேரடியில் தண்ணீர் நின்றாலும் தாங்கும், மண்ணில் உப்பு இருந்தாலும் தாங்கும். களிமண்ணும் அதற்கு ஒத்துவரும். வேர் ஊன்றிவிட்டால் வறட்சியையும் சமாளிக்கும், ஆனால் வேம்பு அளவுக்கு இல்லை. அவரை, துவரை குடும்பத்து மரமாதலால் வேரில் முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடித்துத் தருகின்றன. அதனால் சத்துக் குறைந்த மண்ணிலும் உரத்துக்கு ஏங்காமல் வரும். உறைபனி விழுகிற இடமானால் இரண்டின் இளங்கன்றும் கருகிவிடும்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதே. 2 முதல் 3 அடி போதும். பையைத் தூக்கி அடியைப் பார். பென்சில் பருமனுக்கு வேர் பையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தால், உள்ளே அது ஏற்கெனவே பம்பரக் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றின வேர் மண்ணில் வைத்தபிறகும் சுற்றியபடியே பருத்து, பல வருஷம் கழித்துத் தன் தூரையே நெரிக்கும். பலத்த காற்றில் மரம் வேரோடு சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். வேம்பு ஆணிவேரை நம்பி நிற்கிற மரம், அதனால் அதில் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்.

விதை போட்டு வளர்க்க ஆசையிருந்தால் புங்கை சுலபம். பழுப்பேறின காயை விளிம்பில் லேசாகத் தட்டினால் பிளந்து தட்டையான விதை வரும். உலர்ந்த இடத்தில் வைத்தால் ஏறக்குறைய ஒரு வருஷம் வரை முளைப்புத்திறன் இருக்கும். வேப்பங்கொட்டை அப்படியில்லை, இரண்டு மூன்று வாரத்தில் உயிர் போய்விடும். மஞ்சளாகப் பழுத்ததைப் பிதுக்கி, தண்ணீரில் அலசி, வழவழப்பு போகத் தேய்த்து, நிழலில் ரெண்டு நாள் உலர்த்தி உடனே ஊன்ற வேண்டும். சதையோடு போட்டால் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். போன வருஷத்துக் கொட்டையை யார் கொடுத்தாலும் வாங்காதே.

நடுகிற குழி இரண்டுக்கும் ஒன்றுதான். 2 அடி நீளம், அகலம், ஆழம். மண் இறுகியிருந்தால் 3 அடி அகலமாக்கு. ஆழத்தைக் கூட்டுவதைவிட அகலத்தைக் கூட்டுவது நல்லது, ஏனென்றால் சத்தை இழுக்கிற மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் ஓடும். எடுத்த மண்ணோடு நாலில் ஒரு பங்குக்கு மேல் எரு கலக்காதே. குழி முழுக்க எருவைக் கொட்டினால் அது மக்கி அமுங்கும்போது கன்றும் சேர்ந்து கீழே போகும், தூர் மண்ணில் புதைந்து அழுகும். பைக்குள் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, வெளியிலும் அதே மட்டம்தான் இருக்க வேண்டும். கொல்லை மூலையில் மட்டும் சுற்றுத் தரையைவிட அரை அடி மேடாக்கி வை. புங்கையானாலும் சின்னக் கன்றுக்கு முதல் மழைக்காலம் சோதனைதான்.

தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாக வரப்பு கட்டு. முதல் கோடை முழுக்க வாரத்துக்கு ரெண்டு தடவை, தடவைக்கு 15 முதல் 20 லிட்டர் ஊற்று. தினமும் ஒரு சொம்பு ஊற்றாதே. அப்படி ஊற்றினால் வேர் மேலேயே கிடந்து சோம்பேறியாகிவிடும். விரலை 2 அங்குலம் மண்ணில் விட்டுப் பார், ஈரமாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடு. ரெண்டாம் வருஷம் வாரம் ஒரு தடவை, மூன்றாம் வருஷம் கடும்வெயிலில் மட்டும். 3 அங்குலக் கனத்துக்குச் சருகு மூடாக்குப் போடு, ஆனால் தூரைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் போடு. கன்று சாயாமல் இருக்க ஊன்றுகோல் நட்டிருந்தால் அதை ஒரு வருஷத்தில் எடுத்துவிட வேண்டும். அசைகிற மரத்துக்குத்தான் தூர் பலப்படும்.

சுவரிலிருந்து வேம்பை 15 அடியாவது, புங்கையை 20 அடியாவது தள்ளி வை. புங்கையின் பக்கவேர் தூரம் போகும், வெட்டுப்பட்ட இடத்திலிருந்து வேர்க்கன்றும் கிளம்பும். கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொள். மேலே மின்கம்பி போகிற இடத்தில் இரண்டுமே கூடாது. இரண்டும் 15 மீட்டர் உயரம் போகக்கூடியவை.

கவாத்தில், அதாவது கிளை வெட்டி ஒழுங்குபடுத்துவதில், புங்கைக்குத்தான் வேலை அதிகம். விட்டுவிட்டால் இடுப்பு உயரத்திலேயே கிளை பிரிந்து குடை மாதிரி தாழ்ந்துவிடும். முதல் நாலு வருஷம் ஒரே நடுத்தண்டை விட்டு, பக்கக் கிளைகளைக் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, 7 அடி வெற்றுத் தண்டு வரும்படி ஏற்று. ஒரு வருஷத்தில் கால்வாசி இலைக்கு மேல் எடுக்காதே. ரெண்டு தண்டு சம பருமனாக, இடுங்கின கவட்டையோடு போட்டி போட்டால், ஒன்றைச் சின்னதிலேயே எடுத்துவிடு. அந்தக் கவட்டையில் பட்டை உள்ளே மடங்கிக் கிடக்கும், கட்டை கட்டையோடு ஒட்டியிருக்காது. பெரிய மரமானபின் காற்றில் பிளப்பது அங்கேதான். வேம்புக்குக் காய்ந்த கிளையை எடுத்தால் போதும். எதை வெட்டினாலும் தண்டோடு ஒட்டச் சீவாதே, கிளை புறப்படும் இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், அதை விட்டு வெளியே வெட்டு. காயத்தை மூடி ஆற வைப்பது அந்தத் தடிப்புதான்.

இனி, நீ பயந்துபோய் போன் செய்யப்போகிற இரண்டு விஷயம். வேம்பில் கொழுந்துக் கொத்துகள் திடீரென்று தீய்ந்தது போலப் பழுப்பாகித் தொங்கும். தேயிலைக் கொசு என்கிற பூச்சி இளந்தண்டில் சாறு உறிஞ்சுவதாலும், நுனிக்கருகல் பூஞ்சையாலும் இப்படி ஆகும். மழைக்குப் பிறகு அதிகம் தெரியும். ஒரு கிளையை உடைக்காமல் நகத்தால் கீறிப் பார். பட்டைக்கடியில் பச்சை தெரிகிற இடத்திலிருந்து அரை அடி உள்ளே தள்ளி வெட்டி, வெட்டினதை எரித்துவிடு. பெரிய மரம் வெயில் வந்ததும் பெரும்பாலும் துளிர்த்துக்கொள்ளும். அதற்கு மேலேறி மருந்தடிப்பது வீண். மரம் செத்துவிட்டதென்று அவசரப்பட்டு வெட்டிவிடாதே.

புங்கையில் இலை முழுக்க மரு மாதிரி கொப்புளம் கிளம்பும், வெளுத்த திட்டும் விழும். கொப்புளம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் செய்வது, திட்டு இலைத்தோலுக்குள் குடைகிற புழு செய்வது. பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர மரத்துக்கு ஒன்றும் ஆகாது. இலையுதிர்ந்து புதுத்தளிர் வரும்போது போய்விடும். அந்தத் தளிர்தான் புங்கையின் அழகு. சில நாளில் மரம் முழுக்க, எண்ணெய் தடவினாற்போல் பளபளக்கும் இளம்பச்சை.

நிழல் சீக்கிரமும் அடர்த்தியாகவும் வேண்டுமென்றால் புங்கை. வேப்பநிழல் கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் உயரத்தில் நின்று கீழே காற்றை விடும். கார் நிறுத்துகிற இடத்துக்கு மேலே வேம்பு வைக்காதே. பழக்காலத்தில் பிசுபிசுப்பும் பறவை எச்சமும் விழும். புங்கையடியில் பூவும் காயும் கொட்டும், கூட்டிப் பெருக்கி மூடாக்காகப் போட்டுவிடலாம். தழை நல்ல பசுந்தழை உரம். கட்டைக்கென்றால் வேம்புதான், கரையான் எளிதில் தொடாது, கதவு, பெட்டி செய்யலாம். புங்கங்கட்டை பூச்சி அரிக்கும், அறுக்கும்போது வெடிக்கும், அடுப்புக்குத்தான் ஆகும். புங்க விதையில் மூன்றில் ஒரு பங்கு போல எண்ணெய் உண்டு. விளக்குக்கும் சோப்புக்கும் உதவும், வாயில் வைக்கக்கூடாது. பேரன் காயைப் பொறுக்கி விளையாடினால் கண் வைத்துக்கொள். வேப்பெண்ணெயையும் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது, யார் சொன்னாலும் கேட்காதே. சின்னக் குழந்தைகளுக்கு உயிராபத்தில் முடிந்திருக்கிறது.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் மேற்கு மேட்டுக்கு வேம்பு, கொல்லை மூலைக்குப் புங்கை. ஆனால் மேட்டிலும் அடியில் பாறையோ களியோ இருந்தால் தண்ணீர் நின்றுவிடும். அதனால் ரெண்டு குழியிலும் மணிக்கு எத்தனை அங்குலம் இறங்கியது என்று எழுதி அனுப்பு. அதுவரை கன்று வாங்காதே.

அன்புடன்,
அப்பா